என் பகிடிக்கு மட்டும் ஏன் ஒருவரும் சிரிப்பதில்லை?

கேள்வி: வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போகிறேன். மதியம் சாப்பிடும்போது எல்லாரும் பகிடி விட்டுச் சிரிப்பார்கள். வட்ஸ்அப்பில் பார்த்ததை நான் சொன்னால் மேசையே அடங்கிவிடும். இதைப் பழக முடியுமா, பிறவியிலேயே வரவேண்டுமா?

பதில்: பழகலாம், தம்பி. முதலில் அந்த வட்ஸ்அப் சரக்கை விடுங்கள். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், பொது இடங்களில் மக்கள் பேசிச் சிரிப்பதைக் கவனித்து 1200 சிரிப்புகளைக் குறித்துவைத்தார். பகிடி என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின்னால் வந்தவை 20 சதவீதம்கூட இல்லை. மற்றதெல்லாம் சாதாரணப் பேச்சுக்கு வந்த சிரிப்பு. உங்கள் மேசையிலும் அப்படித்தான் இருக்கும். ஒரு வாரம் வாயை மூடிக் கவனியுங்கள்.

சிரிப்புக்கான சரக்கு எல்லாருக்கும் பொதுவாய் நடந்ததில்தான் இருக்கிறது. காலி வீதியில் 100 பஸ்ஸில் நெரிபட்டு வருகிறீர்கள் என்று வைப்போம். “இண்டைக்கு பஸ்ஸுக்கு முதலே நான் வந்திட்டன், ஏனெண்டால் கொண்டக்டர் முன்னால போ எண்டு தள்ளிக்கொண்டே இருந்தவர்” என்றால் சப்பென்று போய்விடும். மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: “முன்னால போ, முன்னால போ எண்டு கொண்டக்டர் தள்ளின தள்ளில, பஸ்ஸுக்கு முதலே நான் வந்திட்டன்.” எதிர்பாராதது கடைசியில் வரவேண்டும். வந்ததும் நிறுத்திவிடவேண்டும். “ஒரு சரியான பகிடி கேளுங்கோ” என்று தொடங்குவது பாதி உயிரை எடுத்துவிடும். எடுபடாவிட்டால் விளக்கம் சொல்லாமல் சோற்றைப் பிசையுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம்: அடுத்தவர் பேச்சைப் போலச் செய்வது. இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற நகைச்சுவை நாடகம் அதில்தான் கொடிகட்டிப் பறந்தது என்பார்கள். ராமதாஸ் நடித்த மரிக்காரும் செல்வசேகரன் நடித்த உபாலியும் ஆளுக்கொரு தமிழ் பேசினார்கள். ஆனால் அங்கே எல்லாருமே கோமாளிகள், தப்பியவர் ஒருவருமில்லை. உங்கள் மேசையிலோ மலையகத்துப் பெடியன் ஒருவன், தமிழ் தடுமாறும் சிங்கள நண்பர் ஒருவர் என்று தனித்தனியாக இருப்பார்கள். அவர்கள் பேச்சை நீங்கள் இழுத்துக் காட்டினால் அது வெறும் நக்கல்.

உங்களையே வைத்துப் பகிடி விடலாம், அளவாக. மேலதிகாரியை வைத்து விடுவதென்றால், அவர் முதலில் தன்னைத்தானே பகிடி பண்ணட்டும். அதுவரை அவர் சொல்வதற்குச் சிரித்தால் போதும்.