அமெரிக்கக் காவல் துறைகள் ரோந்து காரை எதைப் பார்த்து வாங்குகின்றன?

வேகம்தான் முதல் தகுதியா என்று கேட்டிருக்கிறீர்கள். வேகமும் கணக்கில் உண்டு; ஆனால் துரத்திப் பிடிப்பது ரோந்து காரின் வாழ்நாளில் மிகச் சிறிய பங்குதான். மேல்விளக்கு, வயர்லெஸ், லேப்டாப், ஏசி எல்லாம் மின்சாரம் இழுப்பதால், அது பல மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் ஒரே இடத்தில் நிற்கிறது. எனவே ஓடிய தூரத்தைவிட எஞ்சின் இயங்கிய மணிக்கணக்கே தேய்மானத்தைச் சரியாகக் காட்டும். ஃபோர்டு நிறுவனம் 2020 மாடலில் கொண்டுவந்த ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த) ரோந்து வாகனத்தில், நிற்கும்போது பேட்டரியே சாதனங்களைத் தாங்குகிறது; எஞ்சின் அவ்வப்போது மட்டும் இயங்குகிறது. என் பார்வையில், குதிரைத்திறனைவிட இதுவே பெரிய விஷயம்.

முடுக்கம், பிரேக், வளைவில் கையாளும் தன்மை ஆகியவற்றை மிச்சிகன் மாநிலக் காவல் துறை ஆண்டுதோறும் புதிய மாடல்களில் சோதித்து வெளியிடுகிறது. பிற துறைகளும் அந்த அறிக்கையைப் பார்க்கின்றன.

அடுத்தது உள்ளிடம். துப்பாக்கியும் கைவிலங்கும் தொங்கும் தடித்த இடுப்புப்பட்டையுடன் காவலர் ஒரு பணிநேரம் முழுவதும் உட்கார வேண்டும். பின்னால் கைதிக்குத் தடுப்புக் கம்பியும், கழுவ எளிதான பிளாஸ்டிக் இருக்கையும் வேண்டும். பழைய காருக்கென அளவெடுத்த தடுப்பு புதிய மாடலில் பெரும்பாலும் பொருந்தாது. பல துறைகள் நெடுங்காலம் ரோந்துக்குப் பயன்படுத்திய ஃபோர்டின் கிரவுன் விக்டோரியா காரின் உற்பத்தி 2011இல் நின்றபோது, புதிய காரின் விலையோடு புதுத் தடுப்பு வாங்கும் செலவும் துறைகளின் தலையில் விழுந்தது.