‘டக்’ என்று நின்றுவிடும் பழைய ஃப்ரிட்ஜ்: கம்ப்ரெஸரையே மாற்றணுமா?

கேள்வி: அப்பா 1970-களில் வாங்கிய 165 லிட்டர் கெல்வினேட்டர் ஃப்ரிட்ஜுக்குப் பெயின்ட் அடித்து, கதவு ரப்பரும் மாற்றிவிட்டேன். பிளக்கைச் செருகினால் சில விநாடி உறுமிவிட்டு ‘டக்’ என்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே கதை. மெக்கானிக், “தெர்மோஸ்டாட், ரிலே எல்லாம் போச்சு, கேஸோடு கம்ப்ரெஸரையும் மாற்றணும்” என்கிறார். மாற்றலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: அவசரப்படாதீர்கள். உறுமல் கேட்கிறது என்றால் கரன்ட் தெர்மோஸ்டாட்டைத் தாண்டிக் கம்ப்ரெஸர் வரை போய்விட்டது. தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் சத்தமே வராது. ஆக, மெக்கானிக் சொன்ன பட்டியலில் முதல் பெயரே தப்பு. அந்த ‘டக்’, கம்ப்ரெஸர் பக்கவாட்டில் இருக்கும் ஓ.எல்.பி. (மோட்டார் கருகாமல் காக்கும் ஓவர்லோட் புரொடெக்டர்) போடும் சத்தம். மோட்டார் சுற்றாமல் கரன்ட்டை மட்டும் இழுப்பதால் சூடேறி இணைப்பைத் துண்டிக்கிறது, ஆறியதும் மறுபடி கொடுக்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

சந்தேகம் ரிலே மேல், அதாவது மோட்டாரைக் கிளப்பிவிடும் சின்ன ஸ்விட்ச் மேல். பிளக்கைக் கழற்றிவிட்டு ரிலேயை உருவினால் கம்ப்ரெஸரில் மூன்று பின்கள் தெரியும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். உதாரணமாக 10, 20 என்றால் மூன்றாவது 30. எந்தப் பின்னுக்கும் கம்ப்ரெஸர் உடம்புக்கும் தொடர்பே காட்டக் கூடாது. இது சரியாக இருந்தால் மோட்டார் காயில் நன்றாக இருக்கிறது. புது ரிலேயும் ஓ.எல்.பி.யும் வாங்குங்கள். கடையில் “பழைய ஃப்ரிட்ஜுக்கு ஒரு ரிலே” என்று கேட்காதீர்கள். கம்ப்ரெஸர் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். 1/8 எச்.பி.க்கும் 1/6 எச்.பி.க்கும் ஒரே ரிலே ஆகாது.

பழைய காயில் வகை ரிலே கிடைத்தால் நேராக நிமிர்த்தி மாட்டுங்கள். மோட்டார் வேகம் பிடித்ததும் அதற்குள் ஒரு எடை கீழே விழுந்துதான், கிளப்புவதற்கு மட்டுமான ஸ்டார்ட் காயிலின் இணைப்பு விடுபடும். தலைகீழாக மாட்டினால் விடுபடாமலே கிடந்து ஸ்டார்ட் காயிலைக் கருக்கிவிடும். கடைக்காரர் பெரும்பாலும் பி.டி.சி. ரிலேதான் (எடைக்குப் பதில், சூடானதும் கரன்ட்டைத் தடுக்கும் வில்லை உள்ளது) தருவார். பரவாயில்லை, போடலாம். ஆனால் உங்கள் ஃப்ரிட்ஜின் பின்னால் ரிலேயோடு சேர்ந்த கெப்பாசிட்டர் டப்பா இருந்தால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் பி.டி.சி. மாட்ட விடாதீர்கள். அந்த மோட்டாருக்குக் கிளம்பும்போது கூடுதல் உந்துதல் வேண்டும். அதோடு, பி.டி.சி. சூடாக இருக்கும்போது கம்ப்ரெஸரைக் கிளப்பாது. கரன்ட் போய் அரை நிமிடத்தில் திரும்பி வந்தால் மறுபடி உறுமல், ‘டக்’. “புது ரிலேயும் போச்சு” என்று அதையும் பிடுங்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 3 நிமிடத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் போட்டால் தீர்ந்தது.

இனி என் வயிற்றெரிச்சல். ரிலே, ஓ.எல்.பி., தெர்மோஸ்டாட் மூன்றும் கேஸ் போகும் குழாய்க்கு வெளியே இருப்பவை. கரன்ட் கோளாறுக்குக் குழாயை வெட்ட வேண்டியதே இல்லை. கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகித் தீர்வதும் இல்லை; ஓட்டை விழுந்தால்தான் போகும். உங்கள் ஃப்ரிட்ஜில் இருப்பது ஆர்-12 என்ற பழைய கேஸ். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அதை 2010-லேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு தடவை வெளியே விட்டால் அதே கேஸை நிரப்ப முடியாது. அப்புறம் வேறு கேஸ், வேறு கம்ப்ரெஸர், வேறு ஆயில் என்று பில் ஏறும், பழைய கம்ப்ரெஸர் தாமிரக் காயிலோடு மெக்கானிக் வண்டியில் ஏறும். சிலிண்டரோடு வருபவரை வாசலிலேயே நிறுத்துங்கள். கம்பெனியைக் கூப்பிட்டாலோ, “அந்த மாடல் சிஸ்டத்தில் இல்லை சார், எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள்” என்பார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்த பெட்டிக்கு நூறு கிராம் ரிலே தர முடியாதவர்கள்.

தெர்மோஸ்டாட்டை இப்போது தொடாதீர்கள். என்றைக்காவது மாற்ற நேர்ந்தால், குமிழ் நடுவில் டீஃப்ராஸ்ட் பட்டன் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அதன் மெல்லிய குழாய் மடங்காமல் ஃப்ரீசர் தகட்டில் ஒட்டி நிற்க வேண்டும்.

ரிலே, ஓ.எல்.பி. மாற்றி, வோல்டேஜும் சரியாக இருந்து அப்படியும் ‘டக்’ நிற்கவில்லை என்றால் கம்ப்ரெஸர் உள்ளே இறுகியிருக்கும். அப்போது மெக்கானிக்கிடம் பேசுங்கள். பழைய கம்ப்ரெஸரின் எடைக்குப் பணம் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பிளக்கில் எர்த் ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி அது.