மண்டோர் நோட்டும் லயத்து வீடும்

வணக்கம் அம்மா.

எனக்கு வயது 58. மலேசியாவில் பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வெட்டு மண்டோர், அதாவது குலை வெட்டுகிறவர்களை மேற்பார்ப்பவன். பால்மரம் (ரப்பர்) சீவிய காலத்திலிருந்து இதே தோட்டம்தான். மரத்தை அழித்துச் செம்பனை போட்டபோது அரிவாள் பிடித்தேன். மோட்டார் வைத்த கன்தாஸ் என்ற வெட்டுக் கருவி வந்தபோது அதையும் பிடித்தேன். இப்போது ஒரு கைப்பேசியைக் கொடுத்து, வெட்டுக் கணக்கை இதில்தான் ஏற்ற வேண்டும், நோட்டு இனி வேண்டாம் என்கிறார்கள்.

முதலில் பிளாக் எண்ணைத் தட்ட வேண்டும். பிறகு வெட்டுக்காரர் எண். பழுத்த குலை எத்தனை, காய் எத்தனை, அழுகல் எத்தனை, நீளக் காம்பு விட்டது எத்தனை, உதிரிப்பழம் எத்தனை மூட்டை, எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டு, குலை அடுக்கிய இடத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். பள்ளத்தில் கைப்பேசிக்கு லைன் கிடையாது. வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். வியர்த்த விரலை அது ஏற்காது. என் நோட்டு நனைந்தாலும் பென்சில் எழுத்து அப்படியே இருக்கும்.

சின்ன துரைக்கு, அதாவது உதவி மேலாளருக்கு, 26 வயது. "அங்கிள், இது ரொம்ப ஈசி" என்று, காலையில் ஆள் கூடும் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்கிறார். அங்கே நிற்கும் இந்தோனேசியக்காரர்களும் வங்காளதேசப் பையன்களும் சிரிக்கிறார்கள். கீழே கிடக்கும் உதிரியைப் பார்த்தே எந்த மரத்தில் குலை பழுத்திருக்கிறது என்று சொல்பவன் நான். என் கண்ணை நம்பாமல் படத்தை நம்புகிறார்கள்.

மகன் ஜொகூரில் இருக்கிறான். அவனிடம் சொன்னால், "உலகமே மாறிடுச்சுப்பா" என்கிறான். சம்பளச் சீட்டுகூட இப்போது கைப்பேசியில்தான் வருகிறது. இன்னும் இரண்டு வருஷத்தில் 60 ஆனதும் வேலையோடு தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் ஒப்படைக்க வேண்டும், எங்கே போவது என்று வீட்டுக்காரியிடம் இன்னும் பேசவில்லை, அது கிடக்கட்டும். இந்தக் கைப்பேசியால்தான் எனக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை. பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. நோட்டில் எழுதிக் கொடுத்தால் ஆபீசில் கணக்கெழுதும் கிராணிப் பிள்ளை ஏற்றிக்கொள்கிறது. அதற்கும் சின்ன துரை முகத்தைச் சுளிக்கிறார். இத்தனை வருஷம் உழைத்தவனுக்கு இதுதான் மரியாதையா? வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெயர் வேண்டாம், பகாவ்

ஆலோசகர் பதில்

வணக்கம் ஐயா.

கைப்பேசியைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், வீட்டைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, உடனே "அது கிடக்கட்டும்" என்று தாண்டிவிட்டீர்கள். அந்த வரியைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

மாற்றத்துக்கு அஞ்சுகிற ஆளாக உங்களை நான் பார்க்கவில்லை. பால் சீவுவதும் செம்பனை வெட்டுவதும் முற்றிலும் வேறு வேலைகள். ஒன்றில் மரத்துக்குக் காயம் படாமல் மெல்லிய பட்டையை எடுக்க வேண்டும்; மற்றதில் அண்ணாந்து நீளக் கோலைத் தாங்கி, மட்டையையும் குலையையும் இழுத்து அறுக்க வேண்டும். நடு வயதில் உடம்பையே வேறு வேலைக்குப் பழக்கியவர் நீங்கள். அதிர்கிற இஞ்சினையும் தோளில் சுமந்திருக்கிறீர்கள். ஐந்தாறு எண்களைத் தட்டுவது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்றால் என்னால் நம்ப முடியவில்லை.

முன்பு வேலை மாறிய போதெல்லாம் வீடு மாறவில்லை. காலையில் எந்தக் கருவியோடு போனாலும் மாலையில் அதே லயத்துக்குத்தான் திரும்பினீர்கள். பட்டணத்தில் ஓய்வு பெறுகிறவருக்கு வேலை மட்டும் போகும். தோட்டத்தில் வேலையோடு வீடும் போகிறது, பக்கத்து வீட்டார் போகிறார்கள், வருஷா வருஷம் தீ மிதித்த மாரியம்மன் கோயில் போகிறது, வாசலில் போட்ட கறிவேப்பிலை மரமும் போகிறது. இவ்வளவையும் ஒரே நாளில் விட்டுப் போகப்போகிற ஒருவருக்குத் தூக்கம் வராதது இயல்புதான். இந்தத் துக்கத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். கோபப்படுவதற்குக் கையில் ஒரு கைப்பேசி கிடைத்தது.

இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பெரட்டில் பலர் முன்னால் சின்ன துரை அப்படிப் பேசியது தவறு, தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பயிற்சிக்கு அழைத்தும் போகாமல் இருந்தது உங்கள் முடிவு. அதன் பாரம் கிராணிப் பிள்ளையின் தலையில் விழுகிறது. மாலையில் உங்கள் பென்சில் எழுத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை ஏற்றும்போது ஒரு எண் மாறினால், ஒரு வெட்டுக்காரரின் கூலி குறையும். காய் வெட்டியதாகக் குறை சொல்லப்படுகிற பையனுக்கு வாதாட ஒரே சாட்சி அந்தப் படம். காய்க்குலையில் எண்ணெய் குறைவு, மிஞ்சிப் பழுத்து அடிபட்ட குலையில் அமிலம் ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எந்த பிளாக்கில் வெட்டுச் சுற்று தள்ளிப்போகிறது என்று அன்றைக்கே தெரிந்தால்தான் ஆள் மாற்றிப் போட முடியும். உதிரியைப் பார்த்துக் குலையைச் சொல்கிற உங்கள் கண் இதுவரை அந்த பிளாக்கில் மட்டும்தான் பேசியது. இனி ஆபீசிலும் பேசட்டும்.

கிராணிப் பிள்ளையோடு மாலையில் அரை மணி நேரம் உட்காருங்கள், கூட்டத்தில் கற்க வேண்டாம். இப்படிப்பட்ட செயலிகளில் பல, லைன் இல்லாத இடத்தில் கணக்கைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டு, ஆபீசுக்கு வந்ததும் அனுப்பும். உங்களுடையது எப்படி என்று கேளுங்கள். வட்டம் சுற்றும்போது மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள், ஒரே கணக்கு இரண்டு முறை ஏறிவிடக்கூடும். விரலைத் துடைக்க உலர்ந்த துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். ஒரு சம்பள மாதம் முடியும்வரை நோட்டும் கூடவே இருக்கட்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கைப்பேசி விஷயத்துக்கு இது போதும்.

வேலையை விடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். விடாதீர்கள். லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது; இன்று விட்டால், இரண்டு வருஷம் கழித்து வர வேண்டியது இன்றே வந்துவிடும். குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. வயதைக் காட்டி அதற்கு முன் உங்களை அனுப்ப முடியாது. கையில் இருக்கிற இந்தக் காலத்தைக் கோபத்தில் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

ஓய்வுக்குப் பிறகு வீட்டை எத்தனை மாதத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆபீசில் எழுத்துமூலம் கேளுங்கள். கூட்டு ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஏதும் இருக்கிறதா என்று தொழிற்சங்கத்தில் விசாரியுங்கள். இ.பி.எப். (தொழிலாளர் சேமநிதி) அறிக்கையை எடுங்கள். 55 வயதுவரை சேர்ந்த பணத்தை இப்போதே எடுக்கலாம். அதற்குப் பிறகு சேர்ந்தது எமாஸ் கணக்கில் இருக்கும், அது 60-இல்தான் கைக்கு வரும். எடுக்கலாம் என்பதற்காக அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் மனைவியிடம் பேசுங்கள். அவர் கவலைப்படுவார் என்று மறைத்திருப்பீர்கள். மண்டோர் வீட்டில் இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவருக்கு 60 வயதில் என்ன நடக்கும் என்று தெரியாதா? அவரும் தனியாக இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கலாம். முடிவோடு போய் அறிவிக்காதீர்கள். பகாவ் பட்டணத்தில் வாடகைக்கு இருப்பதா, ஜொகூரில் மகனோடு போய் இருப்பதா என்று அவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். மகனோடு பேசுவது அதற்குப் பிறகு.