வேற்றுக்கிரகத்தாருக்கு ஒரு ஸ்டூல்

அண்ணாச்சி பதில்கள்

போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ராத்திரி கடை அடைத்த பிறகு நான் பார்க்கிற விண்வெளித் தொடர்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நம்மைப் போல ஆட்கள் நிறைய இருப்பது தெரிகிறது. அதனால் இந்த மாதப் பதில்கள் எல்லாம் அதற்கே.

அண்ணாச்சி, விண்வெளித் தொடர்களில் மனிதர்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். வேற்றுக்கிரகத்துத் துணைப் பாத்திரங்கள் இன்னும் அதிகம் வேண்டும் என்கிறேன் நான். கதை சிதறிவிடும் என்கிறாள் என் தோழி. நீங்கள் யார் பக்கம்?
– கல்லூரி மாணவி, புனலூர்

உன் பக்கம், தாயி. ஆனால் வெறும் தலைக்கணக்கு ஏறினால் எனக்குப் போதாது. வாரத்துக்கு ஒரு புதுக் கிரகம், நெற்றியில் ஒரு மேடு வைத்த தலைவர், முக்கால் மணி நேரத்தில் சண்டை, சமாதானம், போய் வருகிறோம். அந்த மாதிரி ஆட்கள் ஏற்கெனவே ஏராளம். எனக்கு வேண்டியது அங்கேயே குடியிருக்கிற ஆள். கடை வைத்திருப்பவர், ரிப்பேர் பார்ப்பவர், கணக்கு எழுதுபவர். கதாநாயகன் ஊரில் இல்லாத அன்றைக்கும் அவருக்கு வேலை இருக்க வேண்டும்.

'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அமெரிக்கத் தொடர் 1993 முதல் 1999 வரை வந்தது. கதை நடப்பது ஒரு விண்வெளி நிலையத்தில். கப்பல் மாதிரி அது ஊர் ஊராகப் போகாது, ஊர்தான் அங்கே வரும். நம்ம பிரானூர் பார்டரை நினைத்துக்கொள். மலை ஏறப்போகிற லாரி, மர மில், பரோட்டாக் கடை, இரண்டு பாஷை. கார்டாசியர்கள் என்ற இனம் அந்த நிலையத்தை ஆண்டுவிட்டுக் காலி பண்ணிப் போய்விட்டது. ஒரே ஒரு கார்டாசியர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். பெயர் காரக். தொழில், தையல்.

நானும் முப்பத்தெட்டு வருஷமாகச் செங்கோட்டையில் தையல் கடை வைத்திருப்பவன். அதனால் அவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். முதல் சீசனிலேயே ஒரு காட்சி வரும். காரக் அந்த நிலையத்து டாக்டரிடம், உங்களுக்குப் புதுசாக ஒரு சூட் தேவை, சரியாக 20:55க்குக் கடைக்கு வந்துவிடுங்கள் என்கிறார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. போனதும் அவரை டிரையல் ரூமுக்குள் தள்ளிவிடுகிறார். அடுத்து உள்ளே வருகிற, கிளிங்கன் என்ற சண்டைக்கார இனத்துச் சகோதரிகள் பேசும் பேரத்தை டாக்டர் மறைந்து நின்று கேட்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. இதை எழுதியவர்களுக்குத் தையல் கடை தெரிந்திருக்கிறது. டிரையல் ரூம் திரைக்குப் பின்னால் ஆள் நிற்பது யாருக்கும் உறுத்தாது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறவன் முன்னால் ஜனங்கள் எதையும் பேசுவார்கள். எத்தனை வீட்டுப் பாகப்பிரிவினையை நான் கட்டிங் டேபிளில் நின்றபடியே கேட்டிருக்கிறேன்.

காரக் ஏழு சீசனிலும் வந்தார். ஆனால் தொடக்கத்தில் பெயர் போடுகிற முதன்மை நடிகர் பட்டியலில் கடைசிவரை அவர் இல்லை, விருந்து நடிகர்தான். தன்னைக் கொல்ல ஆள் வருகிறது என்று தெரிந்ததும், நிலையத்துக் காவல் அதிகாரி விசாரணையில் இறங்கட்டும் என்று தன் கடைக்குத் தானே வெடி வைக்கிறார். மற்றவர்களுக்கு அது ஒரு திருப்பம். எனக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

உன் தோழியிடம் இதைச் சொல். ஒரு தடவை வந்து போகிற ஆள்தான் கதையைச் சிதறடிப்பான். திரும்பத் திரும்ப வருகிற ஆள் ப்ளவுஸுக்கு லைனிங் மாதிரி. வெளியே தெரியாது, துணியை இழுத்துப் பிடித்துக்கொள்வது அதுதான்.

ஒரு கிரகம் முழுக்கச் சண்டைக்காரர்கள், இன்னொன்று முழுக்கப் பணப்பேய்கள். இப்படியே காட்டினால் எத்தனை பேரைப் போட்டு என்ன?
– வாசகர், கடையநல்லூர்

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஆனால் அதற்கு மருந்தே இன்னும் நாலு பேரைப் போடுவதுதான்.

நான் எட்டாம் வகுப்பு வரை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மாமா வீட்டிலிருந்து படித்தேன். வகுப்பில் தமிழ் வீட்டுப் பையன் நான் ஒருத்தன்தான். நான் வீட்டுப்பாடம் எழுதாமல் போனால் 'பாண்டிகள் எல்லாம் இப்படித்தான்.' நன்றாகக் கணக்குப் போட்டால் 'பாண்டிக்குக் கணக்கு வரும்.' அடுத்த வருஷம் செங்கோட்டையிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தன் ஓடுவான், ஒருத்தன் எந்நேரமும் சீட்டியடிப்பான், ஒருத்தன் அழுமூஞ்சி. அதற்கப்புறம்தான் எனக்கு என் பெயர் கிடைத்தது. இந்தப் பக்கம் வந்தால் நாமும் குறைச்சல் இல்லை. ஒரு மலையாளத்துக்காரர் செய்ததை மொத்த மலையாளத்தின் மேலும் ஏற்றிப் பேசுகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஒருவர் மட்டும் இருந்தால் அவர் தலையில் மொத்தக் கிரகத்தையும் தூக்கி வைக்கிறோம். நீங்கள் சொல்லும் பணப்பேய் இனம் ஃபெரெங்கி. டீப் ஸ்பேஸ் நைனில் அவர்களில் ஒரு குடும்பமே இருக்கிறது. குவார்க் மதுக்கடை நடத்துகிறார், லாபம் தவிர வேறு பேச்சு இல்லை. அவர் தம்பி ராமுக்கு வியாபாரம் வராது, இயந்திரத்தில் கை வைத்தால் அப்படி ஒரு கெட்டிக்காரர். ராமின் மகன் நாக். இந்தப் பையன் ஒருநாள் தளபதியிடம் போய், விண்படைப் பயிற்சிக் கல்லூரிக்குச் சிபாரிசு செய்யுங்கள் என்று கேட்கிறான், கையில் லஞ்சமாக ஒரு பணப்பையோடு. அவன் வளர்ந்த இடத்தில் கேட்பதற்கு வேறு முறை தெரியாது. ஏன் சேர வேண்டும் என்று தளபதி அதட்டி அதட்டிக் கேட்க, கடைசியில் உடைந்துபோய்ச் சொல்கிறான்: அப்பாவிடம் அத்தனை திறமை இருந்தும் வியாபாரம் வராததால் அவர் வாழ்க்கை வீணாய்ப் போகிறது, நானும் அப்படி ஆகிவிடக் கூடாது. 1995இல் வந்த காட்சி. என் கடையில் வேலை கேட்டு வருகிற பையன்கள் முகத்தில் இதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

பின்னால் போரில் அந்தப் பையன் ஒரு காலை இழக்கிறான். 1998இல் ஒரு முழு அத்தியாயத்தை அவன் துக்கத்துக்கே கொடுத்தார்கள். முக்கிய நடிகர்கள் அதில் ஓரமாக வந்து போகிறார்கள். ஆறு வருஷம் ஓரத்தில் நிற்க வைத்துப் பழக்கிய பையன் என்பதால்தான் அந்தப் பாரத்தை அவனால் தாங்க முடிந்தது.

மேக்கப் செலவு தாங்குமா அண்ணாச்சி? அதனால்தானே குறைக்கிறார்கள்?
– லாரி ஓட்டுநர், புளியரை

தம்பி, நீங்கள் தினம் ஆரியங்காவு வழியாக இறங்குகிறவர், ரப்பர் பால் வாசம் உங்களுக்குத் தெரியும். அந்த நெற்றி மேடும் காதும் பல காலமாக அந்தப் பாலில்தான் செய்யப்பட்டன. பாலோடு மருந்து சேர்த்து, கேக் மாவு மாதிரி நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்து எடுப்பார்கள். ஓரம் காகிதத்தைவிட மெலிசாக இருந்தால்தான் தோலோடு ஒட்டி மறையும். சாயங்காலம் கழற்றும்போது அந்த ஓரம் கிழிந்துவிடும். மறுநாளைக்குப் புதுசு. நடிகர் விடியுமுன்பே வந்து நாற்காலியில் உட்கார வேண்டும்.

செலவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தையல்காரன் கணக்கைக் கேளுங்கள். பேட்டர்ன் பேப்பர் வெட்டுவதில்தான் மெனக்கெடல் எல்லாம். வெட்டி வைத்துவிட்டால் அடுத்த உருப்படிக்குத் துணியும் நூலும்தான். அச்சும் அப்படியே. வாரம் ஒரு புது இனத்துக்குப் புது அச்சு வார்ப்பதைவிட, பழகின நாலு பேரையே திரும்பக் கூப்பிடுவது சிக்கனம்.

குறைந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அன்றைக்கு ஒரு சீசனுக்கு 26 அத்தியாயம் வரைக்கும் எடுத்தார்கள். டீப் ஸ்பேஸ் நைன் மொத்தம் 176. இன்றைக்கு அதே குடும்பத்தில் வருகிற 'ஸ்டிரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' சீசனுக்குப் பத்துதான். பத்து அத்தியாயத்தில் கதாநாயகனுக்கே மூச்சு முட்டும், கடைக்காரருக்கு எங்கே இடம்? படத்துக்குக் காசை வாரி இறைக்கிறார்கள், நேரத்தில் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம்.

வேற்று உருவம் அதிகமானால் பார்ப்பவர்கள் மிரண்டு போக மாட்டார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

1966இல் முதல் ஸ்டார் டிரெக் வந்தபோது என்.பி.சி. சேனல்காரர்களுக்கும் இந்தப் பயம்தான் சார். விற்பனைக் கையேட்டில் ஸ்பாக் என்ற வேற்றுக்கிரகத்துப் பாத்திரத்தின் கூர்க்காதையும் வளைந்த புருவத்தையும் படத்தில் அழித்துவிட்டே அச்சடித்தார்கள். கடைசியில் ஜனங்கள் கடிதம் எழுதிக் கொண்டாடியது அந்தக் காதுக்காரரைத்தான். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொடர் வந்தபோது எங்கள் தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது. ஸ்பாக் புருவத்தைத் தூக்கினால் மட்டும் புரியும்.

'தி எக்ஸ்பேன்ஸ்' தொடரில் வேற்றுக்கிரகத்துப் பாத்திரமே கிடையாது. அது நன்றாக இல்லையா?
– கே., கொல்லம்

அருமையான தொடர். அதில் அந்த இடத்தைப் பெல்ட்டர்கள் நிரப்புகிறார்கள். மனிதர்கள்தான், ஆனால் விண்கற்களில் பிறந்து வளர்ந்தவர்கள். தனிக் கலப்பு மொழி. விண்வெளி உடுப்புக்குள் இருக்கும்போது தலையாட்டினால் எதிராளிக்குத் தெரியாது என்பதால் 'ஆமா', 'இல்லை' எல்லாம் கையால். அப்படி ஒரு வாழ்க்கையைக் காட்டிவிட்டால் ரப்பர் காது எதற்கு? நான் கேட்பதும் அந்த வாழ்க்கையைத்தான்.

உங்களுக்கு மிகவும் பிடித்த வேற்றுக்கிரகத்துத் துணைப் பாத்திரம் யார்? காரக்தானே?
– தையல் பழகும் பெண், தென்மலை

இல்லை மகளே. மார்ன்.

குவார்க்கின் கடையில் ஒரே ஸ்டூலில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும் கனத்த உருவம். திரையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றவர்களோ, அந்த மனுஷர் வாயைத் திறந்தால் மூட மாட்டார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 1998இல் ஓர் அத்தியாயத்தில் அவர் இறந்துவிட்டார் என்று சேதி வருகிறது. அப்போதுதான் அவருக்குப் பழைய கூட்டாளிகள் இருந்ததும், ஒரு பெரிய கொள்ளைப் பணத்தை அவர் தன் இரண்டாவது இரைப்பைக்குள்ளேயே வைத்திருந்ததும் தெரிகிறது. கடைசியில் ஆள் உயிரோடு வந்து அதே ஸ்டூலில் உட்காருகிறார்.

என் கடையில் காஜா எடுக்க அச்சன்கோவிலிலிருந்து ஒருத்தர் வந்துகொண்டிருந்தார். திங்கள் காலை பஸ்ஸில் வருவார், சனி சாயங்காலம் போவார். பதினோரு வருஷம். வாசல் பக்கத்து ஸ்டூல் அவருடையது. ஓணத்துக்குச் செட் முண்டு ப்ளவுஸ் குவியும்போதும் சரி, தீபாவளிக்குச் சட்டை குவியும்போதும் சரி, கையாலேயே காஜா. கண்ணாடியைக் கழற்றி மிஞ்சின கேன்வாஸ் துண்டில் துடைப்பார். மறுபடி குனிவார். 'சாயா?' என்று கேட்டால் தலையை மட்டும் அசைப்பார். அளவு நோட்டில் அவர் மலையாளத்தில் எழுதி வைப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் பள்ளியோடு மறந்துபோன அந்த எழுத்து எனக்குத் திரும்ப வந்தது. இடுப்பளவுக்கு அவர் 'அர' என்று எழுதுவார். நம்ம அரைஞாணில் இருக்கிற அதே அரை.

மார்கழி பிறந்தால் பத்து நாள் லீவு. சபரிமலைக்குப் போகிறார் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். பத்தாவது வருஷம் நானே அச்சன்கோவில் உற்சவத்துக்குப் போயிருந்தேன். நின்று செண்டை வாசிக்கிற வரிசையில் நடுவில் அவர். மேல்சட்டை இல்லை, கண்ணாடி இல்லை. தோளிலிருந்து தொங்குகிற செண்டையில் இரண்டு கோலும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்குகின்றன. பக்கத்தில் வாசிக்கிறவர்கள் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் காலம் மாற்றுகிறார்கள். விரலில் இருந்த காய்ப்பு ஊசியால் வந்தது என்று பத்து வருஷம் நினைத்திருந்தேன்.

என்னைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார். திங்கட்கிழமை வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, சனிக்கிழமை விட்ட சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொள்வது போல, பத்து நாளைக்கு முன் பாதியில் விட்ட காஜாவை எடுத்துத் தொடர்ந்தார்.