தடைக்கால நோட்டீஸ்: 12 கடல் மைலைத் தாண்டினால் யார் சட்டம்?

தம்பி, உங்கள் காசிமேட்டு விசைப்படகு 15 கடல் மைலில் நின்றதற்கு மீன்பிடித் தடைக்கால நோட்டீஸ் வந்திருக்கிறது, மாநிலச் சட்டம் அங்கே செல்லுமா என்கிறீர்கள். நல்ல கேள்வி. எதில் ஒன்றியம் சட்டம் போடலாம், எதில் மாநிலம் போடலாம் என்று பிரிக்கும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21ஆவது இனம். ஆனால் நாட்டின் கடல் எல்லையான 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடிப்பது ஒன்றியப் பட்டியலில் 57ஆவது. 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கை அந்த எல்லை வரைதான் நீளும்.

உடனே குஷியாகிவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடையை, எல்லைக்கு வெளியே ஒன்றிய அரசும் தனி ஆணை போட்டு அறிவிக்கிறது. நோட்டீஸில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். அப்புறம், ஜிபிஎஸ் பதிவை அழித்துவிடாதீர்கள்; வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார்.