காரோரக் கட்டுச்சோறு: நியூ ஃபாரஸ்டில் எங்கே நிறுத்தலாம், எதை எடுத்துப் போகலாம்?

கேள்வி: லண்டனுக்கு மேற்கே ஸ்லவ்வில் இருக்கிறோம். ஆகஸ்ட் கடைசித் திங்கள் விடுமுறைக்கு நாங்கள் இருவரும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளுமாகத் தென் இங்கிலாந்துக் காட்டுப்பகுதியான நியூ ஃபாரஸ்ட் போகலாம் என்றிருக்கிறோம். இங்கே வெள்ளைக்காரர்கள் காரை ஓரங்கட்டி, டிக்கியைத் திறந்துவைத்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டுச் சாப்பிடுகிறார்கள். மாமியாரால் அதிகம் நடக்க முடியாது என்பதால் எங்களுக்கும் அதுதான் தோது. நினைத்த இடத்தில் நிறுத்தலாமா? எலுமிச்சை சோறும் கோழி வறுவலும் கெடாமல் இருக்குமா? சின்ன கேஸ் அடுப்பு ஒன்று இருக்கிறது, அங்கேயே டீ போடலாமா?

பதில்: அடுப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நியூ ஃபாரஸ்டில் நெருப்பு மூட்டுவதையும் பார்பெக்யூ போடுவதையும் தடுத்து மாவட்ட மன்றம் 2023 ஜூலையில் ஆணை கொண்டுவந்தது. மீறினால் 100 பவுண்டு அபராதம். தீப்பிடிக்க வாய்ப்புள்ள திறந்த சுடர் எதுவானாலும் அந்த ஆணைக்குள் வரும். அங்கே பச்சையாகத் தெரியும் கோர்ஸ் (gorse) முட்புதரில் எண்ணெய்ப் பசை அதிகம், ஆகஸ்டில் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். கடையில் விற்கும் ஃபாயில் தட்டு பார்பெக்யூவும் வேண்டாம். அணைந்த மாதிரி தெரிந்தாலும் கரி பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். குப்பைத்தொட்டியில் போட்டால் தொட்டி எரியும், டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினால் காருக்குள் கார்பன் மோனாக்சைடு நிறையும். அடுப்புக்கு அனுமதியுள்ள வேறு இடங்களுக்குப் போகும்போதும், மழைக்கு ஒதுங்குகிறோம் என்று திறந்த டிக்கிக்குள் வைத்துப் பற்றவைக்காதீர்கள்.

இனி, எங்கே நிறுத்துவது. சாலையிலிருந்து 15 கஜத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, சாலை அல்லாத நிலத்தில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. வண்டியை நிறுத்துவதற்காக மட்டும் சாலையிலிருந்து 15 கஜம், அதாவது 13.7 மீட்டர் வரை உள்ளே போனால் குற்றமில்லை என்கிறது. குற்றமில்லை என்கிறதே தவிர, நிறுத்த உரிமை தரவில்லை. நிலத்துக்காரர் எழுந்து போ என்றால் போகத்தான் வேண்டும். நியூ ஃபாரஸ்டில் புல்லோரம் முழுக்கக் குதிரைகளும் மாடுகளும் மேய்கிற, பாதுகாக்கப்பட்ட நிலம். சக்கரம் ஏறக்கூடாது என்பதற்காகவே ஓரத்தில் பள்ளம் வெட்டியும் குட்டை மரக்கட்டைகள் நட்டும் வைத்திருக்கிறார்கள். ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து என்ற அரசு வனத்துறை அமைப்பு நடத்தும் கார் நிறுத்துமிடங்கள் மட்டும் சுமார் 130 இருப்பதால், ஓரத்தில் ஏற்றிவிட்டு வம்பை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

மாமியாருக்காகப் பார்த்தால் பியூலி ஊருக்கு அருகே உள்ள ஹாச்செட் பாண்ட் பொருத்தம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து குளம் தெரியும், தரையும் மேடுபள்ளமில்லை. கடல் வேண்டுமென்றால் லீப் கன்ட்ரி பார்க். எதிரே வைட் தீவு தெரியும், கட்டணம் உண்டு. காட்டுக்குள் போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். பார்க்கிங் ஆப்பை வீட்டிலேயே இறக்கி, அட்டையைப் பதிவு செய்துவையுங்கள், கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும்.

விடுமுறை நாளில் எல்லோரும் எம் 27 மோட்டார்வேயின் 1-ஆம் சந்திப்பில் இறங்கி, ஏ 337 சாலை வழியாக லிண்ட்ஹர்ஸ்டுக்குள் போய் மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் 2-ஆம் சந்திப்பிலேயே இறங்கி ஏ 326-ஐப் பிடித்து, பிறகு பி 3054-இல் பியூலிக்குத் திரும்புங்கள். ஹாச்செட் பாண்ட் அந்தச் சாலையின் மேலேயே இருக்கிறது. காலை பத்துக்குள் சேர்ந்துவிட்டால் இடம் கிடைக்கும். வழியில் பிள்ளைகள் பசி என்றால் எம் 3-இல் ஃப்ளீட், வின்செஸ்டர், எம் 27-இல் ரௌன்ஹம்ஸ் சர்வீஸ்கள் (வழியோரத் தங்கல் இடங்கள்) உண்டு. வண்டி நிறுத்த 2 மணி நேரம் வரை இலவசம், அதற்கு மேல் கேமரா எண்ணைப் பிடித்துக் கட்டணச்சீட்டு அனுப்பிவிடும். மோட்டார்வேயின் ஓரத் தடமான ஹார்ட் ஷோல்டர் அவசரத்துக்கு மட்டும். சாப்பாடு அவசரத்தில் சேராது. ஏ சாலைகளின் ஓரத்தில் வண்டி நிறுத்த ஒதுக்கிய லே-பையில் நிறுத்திச் சாப்பிடலாம், ஆனால் எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக மட்டும் இறங்கி, வண்டிக்கு இடப்பக்கமே உட்காருங்கள். வலப்பக்கம் 60 மைலில் லாரி போகும்.

வண்டியை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் காற்று வரும். எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்று தேர்வு இருந்தால் வண்டியின் பக்கவாட்டைக் காற்றுக்குக் காட்டி, மறுபக்கம் உட்காருங்கள். நாலரை மீட்டர் நீளச் சுவர் இனாமாகக் கிடைக்கும். கட்டம் ஒழுங்காகக் கோடு போட்டிருந்தால் ரிவர்ஸில் ஏற்றி, டிக்கி புல்லைப் பார்க்கும்படி வையுங்கள். தூக்கிய கதவு தூறலுக்குக் கூரை, டிக்கித் தரை பரிமாறும் மேசை. இங்குள்ளவர்களுக்கு இது பழைய பழக்கம். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரின் பின்கதவு மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகத் திறக்கும். கீழ்ப்பாதியில் உட்கார்ந்து சாப்பிடலாம். ட்விக்கன்ஹம் மேற்கு கார்ப்பார்க்கில் ரக்பி ஆட்டத்துக்கு முன் டிக்கி விருந்து நடத்துவது ஒரு சடங்கு மாதிரி. ஒன்று மட்டும்: டிக்கியைத் திறந்தே வைத்தால் உள்விளக்கு எரிந்து பழைய பேட்டரியைப் படுக்கவைத்துவிடும். விளக்கை அணைத்துவையுங்கள்.

கீழே விரிக்க வெறும் போர்வை உதவாது. ஆகஸ்டிலும் புல் ஈரமாகத்தான் இருக்கும், பத்து நிமிடத்தில் உடுப்பு நனையும். அடியில் பிளாஸ்டிக் ஒட்டிய பிக்னிக் விரிப்பு வாங்குங்கள். மாமியாருக்குக் கைப்பிடி வைத்த, உட்காரும் பலகை உயரமாக உள்ள மடக்கு நாற்காலி; தாழ்ந்த கடற்கரை நாற்காலியில் உட்கார்ந்தால் எழுப்ப இருவர் வேண்டும்.

இப்போது எலுமிச்சை சோறு. ஊரில் கட்டுச்சோறு ஒரு நாள் தாங்கும் என்ற நம்பிக்கையை இங்கே கொண்டுவராதீர்கள்; புளிப்பு இருக்கிறதே என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், கொதியிலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்து நஞ்சு சுரக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வெளியே 22 டிகிரி இருக்கும் நாளிலேயே வெயிலில் மூடிக்கிடக்கும் கார் ஒரு மணி நேரத்தில் 40-ஐத் தாண்டிவிடும்.

முந்தின இரவே வடித்து, அகலத் தட்டில் விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். குக்கரிலேயே மூடி வைத்தால் நடுச்சோறு மூன்று மணி நேரம் ஆனாலும் சூடாகவே இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைக்கும் என்பதால் வழக்கத்தைவிட அரைக் குவளை தண்ணீர் கூட வைத்துக் குழைவாக வடியுங்கள். தாளிக்க நெய் வேண்டாம், குளிரில் உறைந்து வெள்ளையாக ஒட்டும், நல்லெண்ணெய் உறையாது. 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், மீதியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கோழியும் அப்படியே. குழம்பாக இல்லாமல் வறட்டு வறுவலாக, எலும்பில்லாத துண்டாக, குறைந்த எண்ணெயில் செய்து இரவே குளிரவையுங்கள். மிளகாய்ப்பொடி நல்லெண்ணெயில் புரட்டிய இட்லியும் நன்றாக ஒத்துவரும். கையில் எடுத்துச் சாப்பிடலாம், வழியாது.

ஐந்து பேருக்கு 25 முதல் 30 லிட்டர் கூல் பாக்ஸ் போதும். அதையும் முந்தின இரவே ஐஸ் பேக் போட்டுக் குளிரவைத்துவிடுங்கள். குளிர்க்காற்று கீழ்நோக்கி இறங்கும், ஆகவே ஐஸ் பேக்குகளில் பாதியாவது மேலே இருக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்றை உறையவைத்து இடுக்கில் சொருகினால் மதியம் குடிக்கவும் ஆகும். பிள்ளைகளின் ஜூஸை இதில் வைக்காமல் தனிப் பையில் வையுங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடி திறக்கும். பெட்டி டிக்கியில் வேண்டாம், ஏசி படும் கால்மாட்டில் இருக்கட்டும். சிகரெட் லைட்டரில் செருகும் மின்பெட்டி குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்குமே தவிர வெதுவெதுப்பானதைக் குளிரவைக்காது. இன்ஜினை அணைத்துவிட்டு அதை ஓடவிட்டால் மாலையில் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

பிள்ளைகள் சாண்ட்விச் கேட்பார்கள். பெரியவருக்கு 4 துண்டு, பிள்ளைக்கு 2 என்றால் மொத்தம் 16. ஒரு 800 கிராம் ரொட்டியில் சுமார் 20 துண்டு இருக்கும், ஒன்று போதும். 250 கிராம் வெண்ணெயில் பாதி ஆகும். ரொட்டி நொசநொசத்துப் போவதற்குக் காரணம் வெள்ளரியும் தக்காளியும் விடும் நீர். வெண்ணெயை நடுவில் மட்டும் தேய்க்காமல் இரு துண்டிலும் ஓரம்வரை தேய்த்தால் அது ரொட்டிக்குள் நீர் இறங்காமல் தடுக்கும். வெள்ளரியை மெல்லியதாக வெட்டி, உப்பு தூவி, 15 நிமிடம் கழித்துத் துணியில் ஒற்றி எடுங்கள். தக்காளியைத் தனி டப்பாவில் கொண்டுபோய் அங்கே வைத்துக்கொள்ளலாம். கடையில் வாங்குவதானால் பார்த்து வாங்குங்கள்: ஸ்காட்ச் எக், போர்க் பை, பெரும்பாலான சாசேஜ் ரோல் பன்றி இறைச்சி, கார்னிஷ் பேஸ்டியில் மாட்டிறைச்சி, கீஷ் லொரைன் என்றால் பேக்கன். மாமியார் சைவமென்றால் ‘வெஜிடேரியன்’ முத்திரை இருந்தாலே போதாது, அதில் முட்டை இருக்கலாம்.

டீயை வீட்டிலேயே போட்டுவிடுங்கள். வெந்நீரை ஃபிளாஸ்க்கில் கொண்டுபோய் அங்கே பையை முக்கினால் சாயம் சரியாக இறங்காது. இரண்டு மணி நேரத்தில் நீர் கொதிநிலையிலிருந்து இறங்கிவிடும். பையை ஃபிளாஸ்க்குக்குள்ளேயே போட்டுவிட்டால் கசந்துவிடும். கடுந்தேநீராகப் போட்டு வடிகட்டி, கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் சூடேற்றிய ஃபிளாஸ்க்கில் விளிம்புவரை நிரப்புங்கள். அரைகுறையாக நிரப்பினால் சீக்கிரம் ஆறும். பால் கூல் பாக்ஸில் தனியாக. ஒரு லிட்டருக்கு 200 மி.லி. வீதம் 5 கோப்பை. நம் பால் டீதான் வேண்டுமென்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்றி காலையிலேயே குடித்து முடித்துவிடுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் குளவித் தொல்லை உச்சத்தில் இருக்கும். அதுவரை கூட்டிலுள்ள புழுக்கள் சுரக்கும் இனிப்பு நீர் வேலைக்காரக் குளவிகளுக்குக் கிடைத்துவந்தது. புழுக்கள் குறைந்ததும் அவை உங்கள் ஜாமுக்கு வருகின்றன. ஜூஸ் கேனைத் திறந்து வைக்காதீர்கள், உள்ளே விழுந்த குளவி தொண்டையில் கொட்டினால் ஆபத்து. மூடியுள்ள பாட்டிலும் ஸ்ட்ராவும் போதும். ஹாச்செட் பாண்டில் கழுதைகளும் குதிரைகளும் காருக்கே வந்து டிக்கிக்குள் தலையை நீட்டும். அவற்றுக்கு உணவு கொடுப்பதும் அவற்றைத் தடவுவதும் மாவட்ட மன்றத்தின் இன்னொரு ஆணைப்படி குற்றம். கையால் விரட்டாமல் கூல் பாக்ஸை மூடி, டிக்கியையும் மூடிவிடுங்கள், ஒன்றும் கிடைக்காவிட்டால் நகர்ந்துவிடும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவே பிள்ளைகளைப் போகவிடாதீர்கள், உதைக்கும்.

மழை பிடித்தால் இங்குள்ளவர்கள் செய்வதுபோல் காருக்குள் உட்கார்ந்தே சாப்பிடலாம். கண்ணாடி மூடுபனியாகும், அதற்காக இன்ஜினை ஓடவிடாதீர்கள். பொதுச்சாலையில் நிற்கும் வண்டியில் தேவையில்லாமல் ஓடவிட்டால் 20 பவுண்டு அபராதம் உண்டு. மூலைக்கு மூலை எதிராக இரண்டு கண்ணாடிகளை விரல் அளவு இறக்கினால் போதும். பியர் குடிப்பதானால் ஓட்டாதவர் குடிக்கட்டும். அளவு மீறியவர் சாவியோடு நிற்கும் காரில் உட்கார்ந்திருந்தாலும் ‘வண்டி என் பொறுப்பில்’ என்ற கணக்கில் வழக்கு வரலாம்.

வீடு திரும்பியதும் குளிக்கும்போது பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். நியூ ஃபாரஸ்ட் உண்ணி அதிகமுள்ள இடம், சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தடிப்பு பரவினால் ஜிபியிடம் (உங்கள் பொது மருத்துவரிடம்) காட்டுங்கள். பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்துக்குள் தெரியும், சில சமயம் 3 மாதம்கூட ஆகும். எங்கே, எந்தத் தேதியில் போனோம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.