லாராவின் சாவும் லாராவின் வேலையும்

கேள்வி: ஸ்பெயின் எழுத்தாளர் மரியானோ ஹோசே தெ லாரா, உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் காதல் கைகூடாமல் 27 வயதில் தற்கொலை செய்துகொண்டார் என்று வகுப்பில் சொன்னார்கள். அன்றிலிருந்து என் வகுப்புத் தோழன் ஒருவன், “உண்மையான எழுத்தாளன் முப்பதைத் தாண்டக் கூடாது” என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். எனக்கோ, நாடே பற்றி எரியும்போது காதலுக்காகச் செத்தவரை எப்படி மதிப்பது என்று தோன்றுகிறது. எங்களில் யார் சொல்வது சரி?
– முதுகலை மாணவி, திருச்சி

பதில்: உங்கள் தோழர் அந்தச் சாவைக் கும்பிடுகிறார், நீங்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறீர்கள். லாரா எழுதியதை இருவருமே படித்ததாகத் தெரியவில்லை!

1833 செப்டம்பரில் மன்னர் ஏழாம் ஃபெர்னாண்டோ இறந்தபோது, வாரிசான மகள் இசபெல்லுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. மன்னரின் தம்பி கார்லோஸ், அரியணை தனக்கே என்றார். பழைய ஆட்சிமுறையை விரும்பிய பாதிரியார்களும் பாஸ்க், நவார்ரா பகுதிகளும் அவர் பக்கம்; தாராளவாதிகள் குழந்தை ராணியின் பக்கம். ஏழு ஆண்டுப் போர். இரு தரப்பும் கைதிகளைச் சுட்டுத் தள்ளின. 1836இல் கார்லோஸ் தரப்புத் தளபதி கப்ரேராவின் தாயை அரசுப் படையே சுட்டுக் கொன்றது.

லாரா அப்போது மாட்ரிட்டில் ‘ஃபிகரோ’ என்ற புனைபெயரில் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தார். போர் மூண்ட கையோடு ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதினார். வித்தோரியா நகர வாசலில் கார்லோஸின் ஆட்கள் ஒரு பிரெஞ்சுப் பயணியின் பெட்டியைக் கிளறுகிறார்கள். ஒரு புத்தக அட்டையில் ‘ரெஷெர்ஷ்’ என்று இருக்கிறது. பிரெஞ்சில் ‘ஆய்வுகள்’ என்று பொருள். சோதிக்கிறவர் அதை ஆசிரியரின் பெயர் என்று நினைத்து, எவனோ மதத்துரோகி, நெருப்பில் போடு என்கிறார்.

எதிரியைக் கிண்டல் செய்வது சுலபம்தான். லாராவை நான் மதிப்பது, தன் பக்கத்தையும் அவர் விட்டுவைக்காததால். 1834 மார்ச்சில் ‘எல் சிக்லோ’ என்ற பத்திரிகையின் கட்டுரைகளை அரசின் தணிக்கை தடுத்தது. கவிஞர் எஸ்ப்ரோன்செதாவும் சேர்ந்து நடத்திய பத்திரிகை அது. அவர்கள் தலைப்புகளை மட்டும் அச்சடித்து, கீழே வெறும் தாளாகவே விட்டு இதழைக் கொண்டுவந்தார்கள். அரசு பத்திரிகையையே மூடியது. லாரா சும்மா இருந்தாரா? அந்த வெற்றுப் பத்திகளைப் பற்றியே இன்னொரு பத்திரிகையில் கேலியாக ஒரு கட்டுரை எழுதினார்.

1836இல் ஆவிலாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அந்த ஆகஸ்டில் லா கிரான்ஹா அரண்மனையில் சிப்பாய்கள் கலகம் செய்து பழைய அரசியல் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவரவைக்க, தேர்தலே செல்லாமல் போனது. நவம்பரில் கல்லறைத் திருநாள். ஊரே இடுகாட்டுக்குப் போகிறது. இடுகாடு மாட்ரிட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது என்று எழுதினார் லாரா. ஒவ்வொரு கட்டடத்தையும் ஒரு கல்லறையாகக் கண்டு, அதன்மேல் பொறித்திருப்பதை வாசித்துக்கொண்டே போகிறார். சிறைச்சாலையில் துயில்வது சிந்தனைச் சுதந்திரம். அமைச்சகங்களுக்கு எதிரே வரும்போதுதான் அந்தப் புகழ்பெற்ற வரி: “இங்கே பாதி ஸ்பெயின் கிடக்கிறது, மற்றப் பாதியால் செத்தது.” கவனியுங்கள், அந்தக் கல்வெட்டைப் போர்முனையில் அவர் நடவில்லை, தன் தரப்பு அரசின் வாசலில் நட்டார். கட்டுரையின் கடைசியில் தன் நெஞ்சுக்குள் பார்க்கிறார். அங்கேயும் ஒரு கல்லறை, நம்பிக்கையினுடையது.

இதைப் படித்த பிறகு, காதல் ஒன்றுக்காகவே செத்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மணவாழ்க்கை முறிந்திருந்தது, பதவி கைக்கு வந்து போனது, நாடு தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தது. 1837 பிப்ரவரி 13 அன்று, அவர் காதலித்த தோலோரெஸ் அர்மிஹோ, வேறொருவரின் மனைவி, உறவு முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவே எல்லாம் முடிந்தது. ஒரே காரணத்தைத் தேடிப் பிடிப்பது கதை கட்டுகிறவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

கதை கட்டுவது அடக்கத்தன்றே ஆரம்பித்துவிட்டது. ஹோசே சோரியா என்ற 19 வயது இளைஞர் கல்லறையருகே ஒரு கவிதை வாசித்து ஒரே நாளில் பெயர் பெற்றார். உங்கள் தோழருக்கு இவரைச் சொல்லுங்கள். லாரா இறந்த அதே 27 வயதில் சோரியா தம் மிகப் புகழ்பெற்ற நாடகமான ‘தோன் ஹுவான் தெனோரியோ’வை மேடையேற்றினார், 75 வயது வரை வாழ்ந்தார். லாராவைப் போலவே, உணர்ச்சியை முன்னிறுத்திய ரொமான்டிக் இயக்கத்து எழுத்தாளர்தான் அவரும்!

நீங்கள் லாராவைப் படிப்பதானால் ‘நாளை வாருங்கள்’ என்ற கட்டுரையில் தொடங்குங்கள். பதினைந்து நாளில் வேலையை முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று மாட்ரிட்டுக்கு வரும் ஒரு பிரெஞ்சுக்காரர் அலுவலகம் அலுவலகமாக அலையும் கதை. தாலுகா அலுவலகத்தில் கால் கடுக்க நின்றவர்களுக்கு உரை தேவைப்படாது. கல்லறைக் கட்டுரையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தோழர் விஷயத்தில் ஒன்று. அது வாய்ச்சவடாலா, உள்ளே ஏதாவது வேதனையா என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. தனியாக உட்காரவைத்து, “சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றோ, பதிலே இல்லை என்றோ இருந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அவர் வீட்டாருக்குச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.